எத்தனை நாள் வளர்ந்தது, யார் வளர்த்தது

தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் 7 வயது மகள், சர்க்கரை நோய் உள்ள அம்மா. ஞாயிற்றுக்கிழமை கோழி எடுப்பது வழக்கம். "பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், பெண்பிள்ளை சீக்கிரம் வயதுக்கு வந்துவிடும், இனி அதை வீட்டுக்குள் கொண்டுவராதே" என்று அம்மா சொல்லிவிட்டார். நாட்டுக்கோழி வாங்கலாம் என்று போனால் விலை ஏறக்குறைய இரண்டு பங்கு. அவ்வளவு கொடுத்து வாங்குவது தகுமா, கடையில் நாட்டுக்கோழி என்று தருவது உண்மையிலேயே நாட்டுக்கோழிதானா என்று கேட்கிறார்.

இதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பிராய்லர் கெடுதலா? நாட்டுக்கோழி நல்லதா? கைக்கு வருவது எது? மூன்றுக்கும் ஒரே வரியில் பதில் சொல்பவர்கள்தான் இந்தக் குழப்பத்தையே உண்டாக்கினார்கள் என்று நினைக்கிறேன். அதனால் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிறேன். நான் வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்து, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் 31 ஆண்டு வேலை பார்த்தவன். இப்போது காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருபது, இருபத்தைந்து கோழிகள் வைத்திருக்கிறேன். கோழியின் உடம்பைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். மனித உடம்பைப் பற்றி மருத்துவர்கள் சொல்வதைத் தாண்டி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

முதலில் ஹார்மோன். இது உண்மை இல்லை. பயப்பட வேண்டாம். வளர்ச்சி ஹார்மோன் என்பது ஒரு புரதம். தீனியில் கலந்து கொடுத்தால் மற்றப் புரதங்களைப் போல அதுவும் கோழியின் குடலில் செரித்துவிடும். ஊசியாகத்தான் போட வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. ஒரு கொட்டகையில் 5,000 கோழி நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து நாள்தோறும் ஊசி போட எந்தப் பண்ணையிலும் ஆள் கிடையாது. மருந்துச் செலவே கோழியின் விலையைத் தாண்டிப் போகும். நான் போன எந்தப் பண்ணையிலும் இதைப் பார்த்ததில்லை. பண்ணையில் ஊசியோ சொட்டு மருந்தோ போடுவதைப் பார்த்து யாராவது சொல்லியிருந்தால் அது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்களுக்கான தடுப்பு மருந்தாக இருந்திருக்கும்.

அப்படியானால் 40 கிராம் குஞ்சு 6 வாரத்துக்குள் எப்படி 2 கிலோவைத் தாண்டுகிறது? இந்தச் சந்தேகம் நியாயமானது. கனடாவில் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் இதற்கு நேரான ஒரு சோதனை செய்து 2014-இல் வெளியிட்டார்கள். 1957-ஆம் ஆண்டுக் கோழி வம்சத்தை அப்படியே பாதுகாத்து வைத்திருந்தார்கள். அதையும் 2005-ஆம் ஆண்டு வம்சத்தையும் ஒரே தீனி கொடுத்து, ஒரே விதமாக வளர்த்தார்கள். 56-ஆம் நாளில் பழைய கோழியின் எடை சராசரி 905 கிராம். புதியது 4,202 கிராம். தீனியில் வித்தியாசம் இல்லை, வம்சத்தில்தான் வித்தியாசம். வேகமாக வளரும் சேவலையும் பெட்டையையும் தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்ததில் வந்தது இது. உழவுக்கு நல்ல காளையைப் பொறுக்கி வளர்த்த அதே வேலைதான், ஐம்பது ஆண்டுகளாக விடாமல், கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள். அதோடு மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் அளவாகச் சேர்த்த தீனி. ஒரு கிலோ எடை ஏற இப்போதைய பிராய்லருக்கு ஒன்றரையிலிருந்து ஒன்றே முக்கால் கிலோ தீனி போதும். நாட்டுக்கோழியைக் கொட்டகையில் கட்டி வளர்த்தால் அதே ஒரு கிலோவுக்கு 3 கிலோவுக்கு மேல் தின்னும். விலை இரண்டு பங்கு ஏன் என்பதற்கும் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

பெண்பிள்ளைகள் முன்னைவிடச் சிறு வயதில் பூப்படைகிறார்கள் என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. ஆனால் அதற்குக் கோழிக்கறி காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. உடம்பில் கொழுப்பு கூடுவதோடு இதற்குத் தொடர்பு உண்டு என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். வாரம் ஒரு நாள் கோழியைவிட, தினமும் மாலையில் எண்ணெயில் பொரித்த பாக்கெட் தீனியும் விளையாட்டில்லாத பொழுதும்தான் கவனிக்க வேண்டியவை. 8 வயதுக்கு முன்பே ஏதாவது அறிகுறி தெரிந்தால் கோழியை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் அம்மாவிடம் இதை எடுத்துச் சொல்லும்போது பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் பயப்பட்டது தவறான காரணத்துக்கு. ஆனால் பிராய்லர் விஷயத்தில் அவருக்குத் தோன்றிய தயக்கம் முழுக்கத் தவறில்லை.

ஏனென்றால் கவலைப்பட வேண்டிய ஒன்று உண்டு. அது ஆன்டிபயாட்டிக். இதைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். ஒரு சதுர அடிக்கு ஒரு கோழி என்ற கணக்கில் ஆயிரக்கணக்கில் நெருக்கமாக வளர்க்கும்போது நோய் ஒரு மூலையில் தொடங்கினால் மறுநாள் மறு மூலையில் இருக்கும். அதனால் நோய் வருவதற்கு முன்பே தண்ணீரில் மருந்து கலப்பது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. வளர்ச்சிக்காகத் தீனியிலும் சிறிது சிறிதாகக் கலந்தார்கள். டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் அந்த வட்டாரத்தில் 70 கோழி மாதிரிகளைச் சோதித்தபோது 40 சதவீதத்தில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. அது டெல்லிக் கணக்கு. காரைக்குடிக் கடைக் கறிக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் நாடு முழுவதும் கோழி வளர்க்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

எச்சம் கொஞ்சம் வயிற்றுக்குள் போவதைவிடப் பெரிய ஆபத்து, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பண்ணையில் உருவாகி, கழிவு, தண்ணீர், பச்சைக் கறி வழியாக நம்மிடம் வருவது. அப்புறம் நமக்கு நோய் வரும்போது மருத்துவமனையில் மருந்து வேலை செய்யாது. கொலிஸ்டின் என்று ஒரு மருந்து. மற்றதெல்லாம் கைவிட்ட நோயாளிக்குக் கடைசியாகக் கொடுப்பது. அதைக் கோழித் தீனியில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் அதைத் தயாரிக்கவும் விற்கவும் தடை போட்டது. வரவேற்க வேண்டிய தடை. இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

மருந்து கொடுத்தால் இத்தனை நாள் கழித்துத்தான் கறிக்கு விற்கலாம் என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கெடு உண்டு. வேலையில் இருந்த காலத்தில் ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். சளி பிடித்து இரைத்துக்கொண்டிருந்த கோழிகளுக்கு மருந்து எழுதிக் கொடுத்து, 7 நாள் கழித்துத்தான் லோடு ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அந்தப் பக்கம் போனபோது கொட்டகை காலியாக இருந்தது. பண்ணைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "சார், கோழி என்னுது இல்ல, வண்டி வந்துச்சு, ஏத்திட்டாங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. ஒப்பந்த முறையில் குஞ்சு, தீனி, மருந்து எல்லாம் நிறுவனத்துடையவை. கொட்டகையும் உழைப்பும் மட்டும் அவருடையவை. அவருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. கடன் வாங்கிக் கொட்டகை போட்டவர் வண்டியைத் திருப்பி அனுப்ப முடியாது. எல்லாப் பண்ணையும் இப்படி என்று சொல்ல மாட்டேன். கெடு பார்த்து விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கடையில் தோல் உரித்துத் தொங்கும் கோழியைப் பார்த்து அது எந்தக் கொட்டகையிலிருந்து வந்தது என்று உங்களாலோ என்னாலோ கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைசி வாரத்தில் ஒரு பிராய்லர் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தால் பாதிக் கோழிகள் எழுந்து நடக்க மனமில்லாமல் உட்கார்ந்தே இருக்கும். சதை ஏறும் வேகத்துக்கு எலும்பும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் மதியம் மூன்று மணிக்கு வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கும். ஒரே நாளில் நூறு கோழி செத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோழி மண்ணைக் கிளறியதில்லை, புழுதியில் புரண்டதில்லை, வெயிலில் இறக்கையை விரித்துப் படுத்ததில்லை. இதைச் சொன்னால் அறுத்துத் தின்னத்தானே போகிறோம் என்பார்கள். அறுக்கும் வரை அது ஒரு உயிர். என் படிப்பும் வேலையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். நாட்டுக்கோழிக்கு நான் முதல் வோட்டுப் போடுவது இதற்காகத்தான், சத்துக்காக இல்லை.

சத்து என்று பார்த்தால் ஊரில் பேசுகிற அளவுக்கு வித்தியாசம் கிடையாது. புரதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. பிராய்லரில் தோலுக்கடியிலும் வயிற்றிலும் கொழுப்பு அதிகம். மேய்ந்த கோழியில் குறைவு. வேகமாக வளர்ந்த கோழியின் மார்புக் கறியில் நீளவாக்கில் வெள்ளை வெள்ளையாக வரிகள் தெரியும், பார்த்திருப்பீர்கள். அது சதைக்கு நடுவே கொழுப்பும் நாரும் சேர்ந்தது. நோய் இல்லை, ஆனால் தரம் குறைந்த கறி. புல்லும் பூச்சியும் தின்ற கோழியில் நல்ல கொழுப்பின் பங்கு சற்றுக் கூடும், சற்றுத்தான். நாட்டுக்கோழி சாப்பிட்டால் சர்க்கரை குறையும், மூட்டுவலி போகும் என்பதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை எந்தக் கோழியிலும் மாவுச்சத்து இல்லை. தோலை எடுத்துவிட்டுக் குழம்பாகவோ ரசமாகவோ வைத்துக் கொடுங்கள். கூட வைக்கும் சோற்றின் அளவுதான் அவர் பார்க்க வேண்டியது. கருங்கோழி என்று விற்கும் கடக்நாத் கோழிக்கும் இதே பதில்தான். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாப் பக்கத்துக் கோழி அது. 2018-இல் புவிசார் குறியீடு வாங்கியது. நல்ல இனம், கொழுப்பும் குறைவு. ஆனால் மருந்து என்று சொல்லி விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இதில்தான். நாட்டுக்கோழி என்பது இனத்தின் பெயர். இயற்கையாக வளர்ந்தது என்பது வளர்ப்பு முறை. இரண்டும் வேறு. நம் பக்கத்தில் சிறுவிடை, பெருவிடை, கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழி என்று பல உண்டு. சிறுவிடையைக் கொண்டுபோய்க் கம்பிவலைக்குள் ஆயிரம் அடைத்து, அதே கம்பெனித் தீனியைப் போட்டு, அதே மருந்தைத் தண்ணீரில் கலந்தால் அது இனத்தால் நாட்டுக்கோழிதான். ஆனால் உங்கள் அம்மா மனதில் வைத்திருக்கும் கோழி இல்லை. இப்போது நாட்டுக்கோழிப் பண்ணைகள் நிறைய வந்துவிட்டன. மருந்து விஷயத்தில் பிராய்லர் பண்ணையைவிடச் சுத்தம் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. நாலைந்து மாதம் வளர்ப்பதால் மருந்து கலக்கும் நாட்களும் கூடத்தான். மறுபக்கம், அரசு ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா, கிரிராஜா மாதிரிக் கலப்பினத்தைக் கொல்லையில் அவிழ்த்துவிட்டு வளர்த்தால் இனத்தால் அது சுத்த நாட்டுக்கோழி இல்லை, வளர்ப்பால் முழுக்க இயற்கை. நான் இரண்டாவதைத்தான் வாங்குவேன்.

கடைகளில் நாட்டுக்கோழி என்ற பெயரில் வருவதில் பெரும்பகுதி இரண்டு வகை. ஒன்று சோனாலி. வங்கதேசத்தில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் எகிப்தின் ஃபயோமிப் பெட்டையையும் சேர்த்து உண்டாக்கிய கலப்பினம். இரண்டரை மாதத்தில் முக்கால் கிலோ தேறும். பார்க்க நாட்டுக்கோழி மாதிரியே இருக்கும், கறியும் மோசமில்லை. அதைச் சோனாலி என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. இன்னொன்று முட்டைப் பண்ணையில் ஒன்றரை வயதுக்கு மேல் ஆகி முட்டை குறைந்துபோன கோழி. நாமக்கல் பக்கத்திலிருந்து லோடு லோடாக வரும். உயிரோடு பார்த்தால் தெரிந்துவிடும், உரித்துவிட்டால் தெரியாது. வேகாமல் ரப்பர் மாதிரி இருக்கும். வேக நேரம் ஆனால் நாட்டுக்கோழி என்று நம்பிக்கொண்டிருக்கிறோமே, அந்த நம்பிக்கையில்தான் இது விலைபோகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? உயிரோடு வாங்குங்கள் என்பதுதான் முதல் வழி. கூண்டில் இருக்கும் பத்துக் கோழியும் ஒரே வயது, ஒரே எடை, ஏறக்குறைய ஒரே நிறம் என்றால் அது பண்ணை. வீட்டுக் கோழிகள் கருப்பு, செவலை, சாம்பல், புள்ளி என்று கலந்துதான் இருக்கும். அலகின் நுனி வெட்டுப்பட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், அது நெருக்கமாக வளர்ந்த கோழி. ஒன்றையொன்று கொத்தாமல் இருக்க வெட்டுவார்கள். காலைப் பாருங்கள். மேய்ந்த கோழியின் நகம் மண் கிளறித் தேய்ந்திருக்கும். கொட்டகைக் கோழியின் நகம் நீண்டு வளைந்திருக்கும், பாதத்தின் அடியில் கோழிக் கழிவு பட்டுப் புண்ணான தழும்புகூட இருக்கலாம். வயதுக்கு நெஞ்செலும்பின் பின்நுனியை அழுத்திப் பார்க்க வேண்டும். குருத்தாக வளைந்தால் இளசு, கல் மாதிரி நின்றால் முற்றல். இதைச் சந்தையில் வயதான அம்மாக்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள்.

எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம் வெட்டிய பிறகு கிடைக்கும். கழுத்தடியில் இரை நிற்கும் பையைக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். மாவு மாதிரி ஒரே தீனி இருந்தால் பண்ணை. நெல், குருணை, புல் நுனி, கரையான், வண்டுத் துண்டு, சோற்றுப் பருக்கை என்று கலந்து இருந்தால் அது சுற்றித் திரிந்த கோழி. அப்புறம் இரையை அரைக்கும் தடித்த பை. மேய்ந்த கோழியில் அது கெட்டியாக, உள்ளே சின்னச் சின்னக் கற்களோடு இருக்கும். தீனிக் கோழியில் மெலிந்து கிடக்கும். முதல் நாளே இரை நிறுத்தியிருந்தால் கழுத்துப் பை காலியாக இருக்கலாம், ஆனால் அந்தக் கற்கள் எங்கும் போகாது. கொழுப்பு மஞ்சளாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மக்காச்சோளம் தின்றாலும் மஞ்சள் வரும். வெட்டிய கோழியை மஞ்சள் தடவி வாட்டிக் கொடுத்தால் எல்லாமே மஞ்சள்தான்.

மேய்ந்த கோழி என்றால் ஆபத்தே இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. குப்பை எரிக்கும் இடம், சாக்கடை ஓரம், பட்டறைக் கழிவு கொட்டும் இடத்தில் மேய்ந்த கோழியின் உடம்பில் ஈயம் போன்ற உலோகங்கள் சேரும். ஊருக்கு வெளியே செம்மண் காட்டில் திரிந்ததும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் திரிந்ததும் ஒன்றில்லை. வயிற்றுப்போக்கு தரும் கிருமிகள் நாட்டுக்கோழியிலும் உண்டு. நன்றாக வெந்தால் அவை சாகும். எலும்பை ஒட்டிய சதையில் சிவப்பு நீர் வரக் கூடாது. கறியை மஞ்சள் போட்டுக் கழுவினால் கிருமி போய்விடும் என்பது நம் நம்பிக்கை. போகாது. குழாயைத் திறந்து வேகமாகக் கழுவும்போது தெறிக்கும் தண்ணீரில் அவை பக்கத்தில் நறுக்கி வைத்த வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் போய்ச் சேரும். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அலசுங்கள். பிறகு அந்த இடத்தையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சுவையில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை. நாலைந்து மாதம் ஓடித் திரிந்த காலில் இருக்கும் ருசி நாற்பது நாள் உட்கார்ந்திருந்த காலில் வராது. வயது ஏற ஏறச் சதையை இணைக்கும் நார் இறுகும். அந்த நார்தான் மெதுவாக வெந்து கரைந்து குழம்புக்குக் கனம் கொடுக்கிறது. நம் ஊர்ச் சமையல் இந்தக் கோழிக்காகவே அமைந்தது என்று தோன்றுகிறது. மிளகு, சோம்பு, கல்பாசி, மராத்தி மொக்கு என்று அம்மியில் அரைத்து, சின்ன வெங்காயம் நிறையப் போட்டு, முக்கால் மணி நேரம் சட்டியில் வேகும் கறியில்தான் இவ்வளவு மசாலாவும் உள்ளே இறங்கும். பிராய்லர் இருபது நிமிடத்தில் வெந்து பிரிந்துவிடும். மசாலா வெளியிலேயே நிற்கும். அதனால்தான் ஓட்டல்களில் செட்டிநாடு சிக்கன் என்று தருவது வெறும் காரமாக இருக்கிறது. முட்டை வைக்கத் தொடங்காத வெடக்கோழி என்றால் வறுவல். மூன்று வயதுக் கோழி என்றால் இடித்துப்போட்டு ரசம், மிச்சக் கறி குழம்புக்கு. வெட்டியதும் உடனே அடுப்பில் ஏற்றாமல் நாலு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் சதையின் விறைப்பு விட்டு இன்னும் பதமாக வேகும்.

விலையைப் பற்றி. உயிர் எடைக்கும் கறி எடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 2 கிலோ பிராய்லரில் ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம் கறி தேறும். ஒன்றரை கிலோ நாட்டுக்கோழியில் 1 கிலோ தேறினால் அதிகம், அதிலும் எலும்பு கூடுதல். ஆகவே இரண்டு பங்கு என்று நீங்கள் நினைப்பது சில சமயம் இரண்டரைப் பங்காகக்கூட இருக்கும். நான்கு பேர் உள்ள வீட்டில் வாரா வாரம் இது பாரம்தான். பிராய்லர் வந்த பிறகுதான் கூலி வேலைக்குப் போகும் வீடுகளில் வாரம் ஒரு முறையாவது கறி வேகிறது. அதற்கு முன் தீபாவளிக்கும் கோயில் கும்பிடுக்கும்தான். அதை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். வாங்க முடியாதவர்களைப் பயமுறுத்துவதும் சரியில்லை.

உங்களுக்குக் கொல்லை இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. ஐந்து பெட்டை, ஒரு சேவல். ஒரு பெட்டை ஆண்டுக்கு மூன்று முறையாவது அடை உட்காரும். 12 முட்டை வைத்தால் 21 நாளில் எட்டு ஒன்பது குஞ்சு பொரியும். பருந்து, கீரி, பூனைக்குப் போக நாலைந்து தேறும். வீட்டுக்கு வாரம் ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் வந்துவிடும். முதல் ஒரு மாதம் குஞ்சுகளைப் பஞ்சாரம் என்னும் பெரிய கூடையில் கவிழ்த்து வளர்த்தால் சேதம் பாதியாகக் குறையும். ஒரு பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி போட்டு, தண்ணீர் தெளித்து, செம்மண்ணில் கவிழ்த்து வையுங்கள். காலையில் கரையான் அப்பியிருக்கும், குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல இரை கிடையாது.

ஆனால் தடுப்பூசி போடாமல் வளர்க்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். இயற்கையாக வளர்ப்பது என்றால் ஊசியே கூடாது என்று இப்போது சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கோடை தொடங்கும்போது வெள்ளைக்கழிச்சல் வரும். ராணிக்கெட் என்று சொல்வதும் அதைத்தான். ஒரு கிராமத்தில் அப்பத்தா ஒருவர் 34 கோழி வைத்திருந்தார். பேத்தி காதுகுத்துக்கு விற்கலாம் என்று சேர்த்தது. முகாமுக்குக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினேன், "ஊசி போட்டா முட்டை நின்னுபோகும்" என்று வரவில்லை. நானும் அடுத்த ஊர் வேலையில் நேரில் போய்ப் பேசாமல் விட்டுவிட்டேன். பத்து நாளில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்துத் திருகி, நாலே நாலு மிச்சம். அந்த வாசலில் அவர் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அரை மணி நேரம் ஒதுக்கிப் போயிருக்கலாம். நோய் வந்த பிறகு இதற்கு மருந்து கிடையாது. குஞ்சுக்கு 7-ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நாலாவது வாரத்தில் மறுபடி, 8 வாரத்தில் இறக்கையின் தோலுக்கடியில் ஊசி. பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராக இலவச முகாம் நடத்தும். தடுப்பூசியால் கறியில் எந்த எச்சமும் நிற்காது. ஆன்டிபயாட்டிக் வேறு, தடுப்பூசி வேறு. தடுப்பூசி போட்டால் மற்ற மருந்துக்கான தேவையே குறையும்.

என்னைக் கேட்டால் உங்கள் வீட்டுக்கு இப்படிச் செய்வேன். மாதம் நான்கு கோழி எடுப்பதை இரண்டாக்குவேன், இரண்டும் மேய்ந்த கோழி. மற்ற இரண்டு வாரம் மீனோ முட்டையோ. செலவு பெரிதாக ஏறாது. விருந்தாள் வந்து பிராய்லர்தான் வாங்க வேண்டியிருந்தால் கண்ணுக்கு முன் வெட்டும் கடையில், துறுதுறுவென்று நிற்கும் கோழியாக, தோல் உரித்து வாங்குவேன், ஈரலைத் தவிர்ப்பேன். மருந்து எச்சம் மற்ற இடத்தைவிட ஈரலில்தான் அதிகம் தங்கும். அந்த ஒரு வேளையை நினைத்து மகளுக்காகக் கலங்க வேண்டியதில்லை.

மேய்ந்த கோழிக்குத் திருப்புவனம் செவ்வாய்ச் சந்தைக்குப் போகலாம். விடியும் முன்னே போனால்தான் வீட்டுக் கோழி கொண்டுவருபவர்களைப் பிடிக்க முடியும், வெயில் ஏறினால் வியாபாரிகள் கைக்குப் போய்விடும். அதைவிடச் சுலபம், தேவகோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் கோழி வளர்க்கும் ஒருவரைப் பழகிக்கொள்வது. ஒரு முறை போய் அது எங்கே மேய்கிறது, என்ன இரை போடுகிறார், சீக்கு வந்தால் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே கிலோக் கணக்கு கிடையாது, கையில் தூக்கிப் பார்த்து உருப்படிக்கு இவ்வளவு என்பார்கள். கேட்டதைக் கொடுங்கள், அவர்களுக்கும் அது பெரிய லாபம் இல்லை. ஒன்று மட்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நின்றால் கோழி கிடைக்காது. வெளியே திரியும் கோழியைப் பகலில் பிடிக்க முடியாது, சனிக்கிழமை பொழுது சாய்ந்து அது அடைந்த பிறகுதான் பிடித்து வைப்பார்கள். முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.